காலையில் லிமாவ் பாலி, இரவில் கொழுப்பு மாத்திரை: இடைவெளி விட்டால் போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. பட்டர்வொர்த்தில் எங்களோடு இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம், கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம். இரண்டும் அரசு கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் கொடுப்பவை, பல வருடமாகச் சாப்பிடுகிறார். போன மாதம் நெஞ்சுச் சளி பிடித்து ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். கிளாரித்ரோமைசின் கொடுத்தார்கள். நாலைந்து நாளில் இரண்டு தொடையிலும் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. மறுபடி போனபோது ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “கொழுப்பு மாத்திரையை நிறுத்துங்கள், ஆன்டிபயாட்டிக் ஒரு நொதியைத் தடுத்துவிட்டது” என்றார் டாக்டர். இப்போது வலி இல்லை. லிமாவ் பாலியும் (பம்பளிமாஸ் பழம்) அதே வேலையைச் செய்யும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அப்பாவுக்கு ஈப்போ லிமாவ் பாலி என்றால் உயிர். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று இடைவெளி விட்டால் சரியாகிவிடாதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். சிம்வாஸ்டாட்டினே ஒரு நொதியைத் தடுக்கிற மருந்துதான் என்று படித்தேன். வருடக்கணக்கில் உடம்பின் வேலையைத் தடுத்துக்கொண்டே இருந்தால் கெடுதல் இல்லையா?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இடைவெளி விட்டால் போதாது.

நீங்கள் மட்டும் இப்படி யோசிக்கவில்லை. ஈப்போ போய்விட்டு வலைப்பையில் பழத்தோடு திரும்புகிறவர்கள் என் மருந்துக்கடை கவுண்டரில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. வயிற்றில் இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொண்டால் ஆபத்து இல்லை என்று தோன்றுவது இயல்பு. சில மருந்துகளுக்கு அது சரியும்கூட. தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் நான்கு மணி நேரம் பிரித்துச் சாப்பிடச் சொல்கிறோம், ஏனென்றால் அவை குடலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லிமாவ் பாலியில் நடப்பது வேறு. பழத்தில் உள்ள பொருள் மாத்திரையைத் தொடுவதே இல்லை. மாத்திரையைச் சிதைக்க வேண்டிய நொதியை அது செயலிழக்க வைக்கிறது. பழம் செரித்து முடிந்தாலும் அந்த நொதிக்கு உயிர் வராது. உடம்பு புது நொதியைச் செய்துகொள்ளும் வரை அந்த வேலைக்கு ஆள் இல்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால் உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்துவிடும்.

நொதி, அதாவது என்சைம், உடம்பின் வேதிவினைகளை வேகப்படுத்துகிற புரதம். தானாக நடக்க விட்டால் வருடக்கணக்கில் இழுக்கக்கூடிய வினையைக் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். முடித்தபின் அது தேய்வதில்லை, அடுத்ததற்குத் தயாராகிவிடும். ஒரே நொதி மூலக்கூறு ஒரு நாளில் எத்தனையோ ஆயிரம் தடவை அதே வேலையைச் செய்யும். அதனால்தான் அதைத் தடுக்கிற பொருள் சில மில்லிகிராம் போனாலே பெரிய விளைவு வருகிறது. நாம் விழுங்கும் மாத்திரைகளில் கணிசமானவை இப்படிப்பட்ட தடுப்பான்கள்தான்.

தடுப்பு மூன்று விதமாக நடக்கும். நம் பினாங்கு நாசி கண்டார் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாற ஒரே ஆள், வரிசையோ நீளம். எதுவும் வாங்காமல் விலை மட்டும் கேட்டுக்கொண்டு ஒருவர் முன்னால் நின்றால் வரிசை நகராது. ஆனால் வாங்க வந்த கூட்டம் பெருகினால் அவரை ஓரம் தள்ளிவிட்டு வியாபாரம் நடக்கும். இதைப் போட்டித் தடுப்பு என்கிறோம். இரண்டாவது விதத்தில், ஒருவர் வரிசைக்கே வராமல் பக்கவாட்டில் போய்ப் பரிமாறுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்கிறார். எவ்வளவு கூட்டம் வந்தாலும் கையை விடும்வரை வேலை குறைவாகத்தான் நடக்கும். இது போட்டியற்ற தடுப்பு. மூன்றாவது, பரிமாறுகிறவரையே வேலையை விட்டு அனுப்பிவிடுவது. அனுப்பியவர் கிளம்பிப் போன பிறகும் கடை நடக்காது, புது ஆள் வர வேண்டும். இது மீளாத் தடுப்பு.

வீட்டில் எஸ்டிபிஎம் உயிரியல் படிக்கிற பிள்ளை இருந்தால், முதல் வகையில் வினையின் உச்ச வேகம் மாறாது, இரண்டாவதில் குறையும் என்று வரைபடம் போட்டே காட்டுவான். ஆனால் மருந்து சாப்பிடுகிற குடும்பத்துக்கு முக்கியமானது வேறு கேள்வி: தடுப்பு எவ்வளவு நேரம் நிற்கும்? மீளும் தடுப்பில், தடுக்கிற பொருள் ரத்தத்தில் இருக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் போதும். மீளாத் தடுப்பில் அந்தக் கணக்கு உதவாது. புது நொதி உருவாக எத்தனை நாள் ஆகும் என்று பார்க்க வேண்டும். ஆஸ்பிரின் இதற்கு நல்ல உதாரணம். இதய நோயாளிகள் தினமும் சாப்பிடும் சின்ன ஆஸ்பிரின் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடுகிறது. அதற்குள், ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டணுக்களில் இருக்கும் காக்ஸ் நொதியில் நிரந்தரமாக ஒட்டிவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அதனால் புது நொதி செய்துகொள்ள முடியாது. அது சாகும்வரை, ஏழு முதல் பத்து நாள், அப்படியேதான் இருக்கும். சில அறுவை சிகிச்சைகளுக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, அப்பாவின் விஷயத்துக்கு வருவோம்.

சிம்வாஸ்டாட்டினைச் சிதைப்பது சிப் 3ஏ4 என்ற நொதி. கல்லீரலிலும் குடல் சுவரிலும் நிறைய இருக்கிறது, இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறக்குறைய பாதியைக் கையாள்வதும் இதுதான். விழுங்கிய சிம்வாஸ்டாட்டினில் பெரும்பகுதியைக் குடல் சுவரும் கல்லீரலும் வடிகட்டிவிட, நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவாகத்தான் வேலை செய்யும் வடிவத்தில் ரத்த ஓட்டத்துக்குப் போகிறது. 40 மில்லிகிராம் என்று அளவு வைத்ததே இந்த இழப்பையும் சேர்த்துத்தான். அந்த நொதி படுத்துவிட்டால் அதே ஒரு மாத்திரை பல மாத்திரைக்குச் சமமாகிவிடும். அப்பா கூடுதலாக ஒன்றும் விழுங்கவில்லை, ஆனாலும் உடம்புக்குள் அளவு ஏறிவிட்டது.

எவ்வளவு ஏறும்? கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் சிம்வாஸ்டாட்டின் ரத்தத்தில் சுமார் பத்து மடங்கு ஏறியது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. கிளாரித்ரோமைசினைச் சிதைக்க முயலும்போது உருவாகும் துணைப்பொருள் நொதியின் மையத்தில் உள்ள இரும்பை இறுகப் பிடித்துக்கொள்கிறது. குடலில் மட்டுமல்ல, கல்லீரலிலும். அதனால் இந்த இரண்டும் சேரவே கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே போட்டிருக்கும். ஆன்டிபயாட்டிக் முடியும்வரை சிம்வாஸ்டாட்டினை நிறுத்தி வைத்திருக்கலாம், அல்லது இந்த நொதியை அவ்வளவாகத் தொடாத அசித்ரோமைசின் பொருந்துமா என்று பார்த்திருக்கலாம். எரித்ரோமைசினும், பூஞ்சைக்குக் கொடுக்கிற இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் மாத்திரைகளும் கிளாரித்ரோமைசின் மாதிரிதான்.

இதில் யாரையும் குற்றம் சொல்வதை விட, எப்படி நடந்தது என்று புரிந்துகொள்வது நல்லது. அரசு கிளினிக்கில் என்ன மருந்து என்று தனியார் கிளினிக்கின் கணினியில் தெரியாது. நோயாளியிடம் கேட்டால் “பிரஷருக்கும் கொழுப்புக்கும் மருந்து சாப்பிடுறேன்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மருந்தின் பெயர் வராது. எல்லாக் கொழுப்பு மாத்திரையும் இப்படிச் சண்டை போடாது, சிம்வாஸ்டாட்டின் போடும். அதனால் பெயர் தெரிவது இங்கே உயிர் விஷயம்.

தொடை வலியை டாக்டர் உடனே பிடித்தது பெரிய விஷயம், மனம் நிறைகிறது. ஸ்டாட்டின் அளவு மீறினால் தசைச் செல்கள் சிதையும். உள்ளே இருக்கும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் கசியும். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தது பெரும்பாலும் அதைத்தான். சிதைவு அதிகமானால் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும். அப்போது சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போகும். தசை வலியோடு இந்த நிறத்தைப் பார்த்தால் கிளினிக் திறக்கக் காத்திருக்கக் கூடாது, அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இப்போது லிமாவ் பாலி. இந்தச் சேதி வெளிவந்ததே தற்செயலாகத்தான். 1989-இல் கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். மதுவின் சுவை தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்து கொடுத்தார்கள். மருந்து ரத்தத்தில் எதிர்பார்த்ததை விட மிக அதிகமாக இருந்தது. காரணம் மது அல்ல, சாறு. 1991-இல் லான்செட் இதழில் அது வந்த பிறகு மருந்து உலகமே பழச்சாற்றைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் சிம்வாஸ்டாட்டினிலும் சோதித்தார்கள். தினம் ஒரு கிளாஸ் சாதாரணச் சாறு குடித்தவர்களுக்கு மருந்தளவு மூன்றரை மடங்கு. அடர்த்தியான சாற்றை மூன்று வேளையும் குடித்தவர்களுக்கு 16 மடங்கு.

கிரேப்ஃப்ரூட் நம் லிமாவ் பாலிக்கும் இனிப்பு ஆரஞ்சுக்கும் பிறந்த பழம். நொதியைக் கெடுக்கிற ஃப்யூரனோகூமரின் சேர்மங்கள் லிமாவ் பாலி வழியாக வந்த சொத்து. ஈப்போ பக்கத்துத் தாம்புனில் விளைகிற பழத்திலும் அந்தக் குடும்பத்துச் சேர்மங்கள் இருக்கும். நொதி அவற்றையும் தான் வழக்கமாகச் சிதைக்கிற பொருள் என்று நினைத்து உடைக்கத் தொடங்குகிறது. உடைபட்ட துண்டு நொதியோடேயே பிணைந்து அதைக் கொன்றுவிடுகிறது. உடைக்கப் போகாமல் இருந்திருந்தால் அந்த நொதி பிழைத்திருக்கும். பாதிப்பு பெரும்பாலும் குடல் சுவரில்தான். ஒரு கிளாஸ் கிரேப்ஃப்ரூட் சாற்றுக்குப் பிறகு குடல் முழுதாக மீள மூன்று நாள் வரை ஆகும். காலையில் தின்ற பழத்தின் பாதிப்பு இரவு மாத்திரைக்கும் இருக்கும், மறுநாள் மாத்திரைக்கும் இருக்கும். சீசனில் தினமும் சாப்பிட்டால் குடலுக்கு மீள நேரமே கிடைக்காது.

எத்தனை சுளை வரை பரவாயில்லை என்று கேட்பீர்கள். இந்தச் சேர்மங்களின் அளவு பழத்துக்குப் பழம், ரகத்துக்கு ரகம் மாறும். ஒரு எண் சொன்னால் அது பொய்யாகிவிடும். உங்கள் அப்பா ஏற்கெனவே ஒரு தடவை தசை வலியில் விழுந்தவர், அதோடு அம்லோடிபினும் சாப்பிடுகிறார். சிம்வாஸ்டாட்டின் தொடரும் வரை வேண்டாம் என்பதே என் முடிவு. கமலா, மாண்டரின், சாதாரண இனிப்பு ஆரஞ்சு பற்றிக் கவலை இல்லை. ரசத்திலும் சம்பாலிலும் பிழிகிற எலுமிச்சையும் லிமாவ் கஸ்தூரியும் அளவு குறைவு, பயப்பட வேண்டியதில்லை.

வருடக்கணக்கில் ஒரு நொதியைத் தடுத்தால் கெடுதல் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சிம்வாஸ்டாட்டின் தடுக்கிற நொதி எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ். கல்லீரல் கொழுப்பை, அதாவது கொலஸ்ட்ராலை, செய்யும் நீண்ட வினைத்தொடரில் வேகத்தை முடிவு செய்கிற படி இதன் கையில். சிம்வாஸ்டாட்டினின் ஒரு பகுதி அந்த நொதி இயற்கையாகப் பிடித்து மாற்றுகிற பொருளைப் போலவே இருக்கும். அதனால் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இது போட்டித் தடுப்பு, மீளக்கூடியது. சில மணி நேரத்தில் மருந்து குறைந்ததும் நொதி வேலைக்குத் திரும்பிவிடும். கல்லீரல் கொழுப்பைச் செய்வது இரவில் அதிகம், இந்த மருந்தோ கொஞ்ச நேரமே நிற்கும். இரவில் சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

வேலை முழுதாக நிற்பதும் இல்லை, குறைகிறது, அவ்வளவுதான். குறைந்ததும் கல்லீரல் செல்கள் தங்கள் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்தில் ஓடுகிற கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ரத்தப் பரிசோதனையில் நாம் பார்க்கும் இறக்கத்தின் பெரும்பகுதி இந்த இழுப்பால் வருவது. அந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பு உடம்புக்குப் புதிதும் அல்ல. செல்லில் கொழுப்பு சேர்ந்தால் அந்தக் கொழுப்பே இதே நொதியை அடக்கும். நம் உடம்பு இந்தப் பிரேக்கைப் பிறந்ததிலிருந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி 1971 முதல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்து, இந்த நொதியைத் தடுக்கும் முதல் பொருளை ஒரு பெனிசிலியம் பூஞ்சையிலிருந்து எடுத்தார். பிற உயிர்களோடு போட்டி போட அவற்றின் நொதியைத் தடுக்கும் பொருளைப் பூஞ்சைகள் செய்யக்கூடும் என்பது அவர் கணக்கு, அது பலித்தது. பிறகு 1994-இல் வெளியான ஆய்வில் இதய நோயுள்ள 4,444 பேரை ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களிடம் மரணம் 30 விழுக்காடு குறைந்திருந்தது. வருடக்கணக்கில் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

தடுப்பு உயிரைக் காப்பாற்றிய இன்னொரு சம்பவம் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2018 செப்டம்பரில் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் மலிவு மதுவில் மெத்தனால் கலந்து பலர் இறந்தார்கள், பலர் பார்வை இழந்தார்கள். மெத்தனாலை விட அதிலிருந்து உடம்பு செய்கிற ஃபார்மிக் அமிலம்தான் கொடியது. அதுவும் ஒரு தடுப்பான்: செல்லின் மூச்சுக்கான கடைசி நொதியை முடக்கிவிடும், கண் நரம்பு முதலில் அடிபடும். அதற்கு மருத்துவமனையில் கொடுக்கிற மாற்று மருந்துகள் இரண்டு. ஃபோமெபிசோல், மெத்தனாலை மாற்றுகிற நொதியைத் தடுக்கும். அது இல்லாத இடத்தில் தூய எத்தனாலையே அளந்து கொடுப்பார்கள். அந்த நொதிக்கு மெத்தனாலை விட எத்தனால் மேல் பிடிப்பு அதிகம், அதனால் மெத்தனால் மாறாமலே வெளியேற அவகாசம் கிடைக்கிறது. இது மருத்துவர் கையில் மட்டும் நடக்க வேண்டிய வேலை. யாராவது மலிவுச் சாராயம் குடித்துவிட்டுப் பார்வை மங்குகிறது என்றால், வீட்டில் எதையும் ஊற்றிக் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒரு நொதியைத் தடுத்தால் எல்லா மருந்தும் ஏறும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் குளோபிடோக்ரல், வேறொரு நொதி மாற்றிக் கொடுத்தால்தான் வேலையே செய்யும். நெஞ்செரிச்சலுக்கான ஒமிப்ரசோல் அந்த நொதியைத் தடுத்தால் குளோபிடோக்ரலின் பலன் குறையும். அங்கே ஆபத்து எதிர்ப்பக்கம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சிம்வாஸ்டாட்டினை நீங்களாக மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். அடுத்த தேதி தூரத்தில் இருந்தால் முன்னாடியே கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், நடந்ததை ரத்தப் பரிசோதனைத் தாளோடு சொல்லுங்கள். அம்லோடிபினும் சிப் 3ஏ4 நொதியை லேசாக மந்தப்படுத்தும். அதனோடு சாப்பிடுகிறவர்களுக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2011-இலேயே சொல்லிவிட்டது. அப்பா 40 சாப்பிட்டு வந்திருக்கிறார். இதை டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். பிராவாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ சிப் 3ஏ4-ஐ நம்பி இல்லை. அவற்றில் ஒன்றுக்கு மாற்ற முடிந்தால் லிமாவ் பாலி தடையும் நீங்கும். வயதையும் சிறுநீரகத்தையும் பார்த்து எது, எவ்வளவு என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

போகும்போது வீட்டில் அப்பா சாப்பிடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சீன மருந்துக்கடையில் கிடைக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்ஸ்யூல் இருந்தால் அதையும். கொழுப்புக்கு இயற்கை மருந்து என்று நம் ஆட்களும் வாங்குகிறார்கள். அதில் இருக்கிற மோனகோலின் கே வேறெதுவும் இல்லை, லோவாஸ்டாட்டினேதான். அதுவும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸைத் தடுக்கும், அதைச் சிதைப்பதும் இதே சிப் 3ஏ4தான். ஸ்டாட்டின் மாத்திரையோடு அதைச் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே மருந்தை இரண்டு தடவை சாப்பிட்ட மாதிரி. மாத்திரை அட்டைகளை உங்கள் கைப்பேசியிலும் அப்பாவின் கைப்பேசியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை எந்த கிளினிக்குக்குப் போனாலும், இருமலுக்கே போனாலும், ஆன்டிபயாட்டிக் எழுதுவதற்கு முன்னால் அந்தப் படத்தைக் காட்டிவிடுங்கள்.